சம்பந்திக் கழிவு

என் விலை இருபத்திரண்டு. சென்னியப்பனின் விலை இருபத்து நான்கு. இருவரையும் சேர்த்து எடுத்தால் ஐம்பத்தேழு.

கூட்டல் தப்பு என்று யாரும் பேனாவை எடுக்க வேண்டாம். முப்பத்தாறு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்து, தாராபுரம் வட்டாரத்தில் ஒரு தராசு விடாமல் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன் நான். நான் கடைக்குள் நுழைந்தால் எடைக்கற்கள் தாமாக எழுந்து வரிசையில் நிற்கும். என் கணக்கில் பிசகு வராது. மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தப் பதினொரு புள்ளி, நானும் சென்னியப்பனும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதற்கான அபராதம். அதைப் போட்டது ஓர் இயந்திரம்.

இருபத்தெட்டு என்பது நான்கு பேர் ஆடும் சீட்டு. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. இத்தனை எடுப்பேன் என்று கேட்டு ஏற்றியவன் தன் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பான். அது என்ன என்று அவன் ஜோடிக்காரனுக்கும் தெரியாது. தெரியாமலே தெரிந்துகொண்டு இறக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். சென்னியப்பன் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளனாக இருந்தவன். என் அலுவலகத்துக்கும் அவன் பணிமனைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மதியச் சாப்பாட்டு வேளையில் முப்பத்தொரு வருஷம் ஆடினோம். அவன் மூக்கை உறிஞ்சினால் கையில் இந்த ஆட்டத்தின் பெரிய சீட்டான ஜாக்கி இருக்கிறது. உறிஞ்சாமல் கூரையைப் பார்த்தால் அதற்கடுத்த ஒன்பது. சைகை என்று நினைக்காதீர்கள், தான் உறிஞ்சுவது அவனுக்கே தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

பிறகு, மேசையும் சீட்டும் கண்முன் தெரியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டு நாற்காலியிலிருந்தே ஆடும் மாநில அணிப் போட்டி வந்தது. ஓர் அணிக்கு நான்கு பேர், இரண்டு ஜோடி. ஆரம்பத்தில் பணம் இருந்தவன் வைத்ததுதான் சட்டம். ஒரு சிமென்ட் முதலாளி மாநிலத்தின் முதல் நாற்பது ஆட்டக்காரர்களையும் வாங்கி, நான்கு பேரை ஆடவிட்டு, முப்பத்தாறு பேரை வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாதென்று சும்மா உட்கார வைத்துச் சோறு போட்டார். ஊரே காறித் துப்பியது. அதன்பின்தான் நியாயம் வந்தது. எல்லா அணிக்கும் நூறு புள்ளி. எந்த ஆட்டக்காரன் எத்தனை புள்ளி என்பதை நியாய விலைக் கணிப்பி சொல்லும். அரசாங்கப் பெயர் இவ்வளவு நீளமாக இருந்தால் சனங்கள் என்ன செய்வார்கள். ரேஷன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ரேஷன் எங்கள் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டியது. ஆட்டத்தை எடை போட்டது, தூக்கத்தை எடை போட்டது, குரலை எடை போட்டது. கடைசியில் ஜோடிகளையும் எடை போட்டது. அங்கேதான் நாங்கள் மாட்டினோம். நான்கு பருவமாக ஓர் அணியும் எங்களை எடுக்கவில்லை. தனித்தனியாகக் கேட்டார்கள். போடா என்றோம். எங்கள் பாதி ஆட்டம்கூடத் தெரியாத ஒருவன், துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்ன வைத்தோம் என்று மறந்துபோகிறவன், போன வருஷம் கோப்பையைத் தூக்கினான். எனக்கும் சென்னியப்பனுக்கும் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. அந்தப் போட்டியில் ஒரு தடவை ஜோடியாக உட்கார வேண்டும்.

அப்போதுதான் மிதுலன் வந்தான். கொங்குக் காளைகள் என்ற அணியின் நிர்வாகி. முப்பது வயதிருக்கும். சிரித்தால் நாற்பது பல் தெரியும். என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டு எங்கள் இருவரிடமும் சொன்னான்.

"அங்கிள், எங்கிட்ட ரெண்டு பேரு இருக்கறாங்க. நாப்பத்தெட்டு புள்ளி. உங்க ரெண்டு பேரையும் சேத்தா நூத்தியஞ்சு. அஞ்சு புள்ளிதானுங்க இடிக்குது."

"அஞ்சக் கொறைக்க என்ன பண்ணோணும்?" என்றான் சென்னியப்பன்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருந்தாப் போதும். ரேஷன் உங்க ரெண்டு பேரு நாடியையும் சேத்துப் பாக்குது. ஒருத்தருக்கு நல்ல சீட்டு வந்தா இன்னொருத்தருக்குப் பாக்காமயே துடிப்பு ஏறுது. உங்களுக்கு அது ரொம்ப ஜாஸ்தி. ஒரு சண்ட கிண்ட போட்டீங்கன்னா எறங்கீரும்."

சண்டைதானே. மறுநாள் காலை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில், தேங்காய் பன்னுக்கும் டீக்கும் நடுவில், பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் இரவல் வாங்கித் திருப்பித் தராத ஏணியைப் பற்றி ஆரம்பித்தோம். அவன் என்னைக் கல்லுக்கு எடை குறைத்து முத்திரை குத்தியவன் என்றான். நான் அவனை, வராத பேருந்துக்கு வந்ததாக நேரம் போட்டவன் என்றேன். பேக்கரிக்காரர் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டார். எதிர்க்கடையில் இரண்டு பேர் எங்களை விலக்கிவிட ஓடி வந்து, வசனம் பிடித்துப்போய், நின்று கேட்டார்கள். தாராபுரத்தில் அப்படி ஒரு சண்டை அமராவதியில் வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பின் நடந்ததில்லை.

சாயங்காலம் மிதுலன் தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் தேடி வந்தான்.

"பதினாலாயிருச்சு அங்கிள்."

"பதினொண்ணு எப்படிடா பதினாலாகும்?"

"அவரு திட்டி முடிக்கறதுக்கு முன்னாலயே நீங்க அடுத்த திட்டுக்கு மூச்சு இழுத்திருக்கறீங்க. ஒரு எடத்துலகூட ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசல. ஒருத்தரு நிறுத்தற எடத்துல இன்னொருத்தரு புடிச்சிருக்கறீங்க. மாநிலத்துலயே இவ்வளவு ஒத்துப்போற ஜோடி இல்லைன்னு ரேஷன் சொல்லுதுங்க."

சென்னியப்பன் மூக்கை உறிஞ்சினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மிதுலன் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான்.

"உறவு அட்டவணை. இதுல ஒரு வழி இருக்குதுங்க."

அந்தத் தாளை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். மூன்று கோடி வீடுகளின் பேச்சைக் கேட்டு ரேஷன் கற்றுக்கொண்டது அது. கணவன் மனைவி, கூடுதல் ஆறு. இருபது வருஷம் தாண்டினால் இரண்டு. அண்ணன் தம்பி, கூடுதல் ஐந்து. பாகம் பிரித்தபின் சுழியம். மாமியார் மருமகள் என்ற இடத்தில் ஓர் அடிக்குறிப்பு, அது மட்டும் இரண்டு பக்கம் போனது. கடைசி வரியில் மிதுலனின் விரல் நின்றது. சம்பந்தி, கழிவு நான்கு.

"நண்பருங்களே சம்பந்தியாயிட்டா?" என்று கேட்டேன்.

"உறவு வந்துருச்சுன்னா நட்பு கணக்குல வராதுங்க. பட்டையையும் பாக்காது. சம்பந்திக ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிக்கறத நம்ப முடியாதுன்னு அட்டவணையத்தான் எடுக்கும். பதினொண்ணு போயி, நாலு கழிவும் கெடைக்குது. மொத்தம் பதினஞ்சு புள்ளி. உங்களுக்குப் பொண்ணு இருக்குது. அவருக்குப் பையன் இருக்கறாரு." டீயை ஒரே மடக்கில் குடித்தான். "நிச்சயம் பண்ணி, ரெண்டு வீட்டுலயும் கையெழுத்துப் போட்டுப் பதிவு பண்ணாப் போதும். கல்யாணம் அப்பறமாப் பாத்துக்கலாம்."

நான் எழுந்து அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். தள்ளினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் கேட்டதோ இவ்வளவுதான்: "எத்தன நாளுக்குள்ள பதியணும்?"

எடையளவுத் துறையில் ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். பருத்தி மண்டியில் தராசைத் திருத்துகிறவன் முட்டாள், முதல் சோதனையிலேயே மாட்டிக்கொள்வான். கெட்டிக்காரன் தராசைத் தொடவே மாட்டான். பருத்தியை நனைத்துவிடுவான். எத்தனை பேரை அதற்காகப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறேன். இப்போது நானே தண்ணீர்க் குடத்தோடு நின்றேன்.

நான் ஒருவன் மட்டுமென்றால் பரவாயில்லை. அந்தப் பருவத்தில் மாநிலம் முழுக்க இருநூற்றுப் பதினான்கு நிச்சயதார்த்தம். ஜாதகக்காரர்கள் செவ்வாயை விட்டுவிட்டுப் புள்ளியைப் பார்த்தார்கள். பிள்ளையே இல்லாத ஓர் ஆட்டக்காரரை, முப்பத்து மூன்று வயதுக் கணக்குப்பிள்ளை ஒருவனைத் தத்தெடுக்க வைத்து, அவனுக்குப் பெண் பார்த்தது ஓர் அணி. தத்து விழாவில் அவனை மடியில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். பெரியவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு அரையிறுதியில் உட்கார முடியவில்லை என்று கேள்வி.

என் மகள் யாழினி கால்நடை மருத்துவர். காங்கேயத்தில் வேலை. இருபத்தொன்பது வயது. அவள் அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப்பின் வீட்டில் அவள் சொல்வதுதான் கேட்கும், கல்யாணப் பேச்சைத் தவிர. அந்தப் பேச்சை எடுத்தால் மாட்டுக்குப் போடுகிற ஊசியைக் காட்டுவாள். சென்னியப்பனின் மகன் ஆதவன் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவன். இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

"புள்ளைககிட்ட உள்ளதச் சொல்லிப்போடலான்டா சிகாமணி," என்றான் சென்னியப்பன்.

"சொன்னா ஒத்துக்காது."

"அப்ப வேண்டாம்."

"பையன் நல்லவன். பொண்ணு நல்லவ. நாம எப்படியும் ஒரு நாள் நெனச்சிருப்போம். இப்ப ஒரு நாலு மாசம் முன்னாடி நெனைக்கறோம், அவ்வளவுதான். இதுல என்ன பாவம்?"

அவன் கூரையைப் பார்த்தான். ஒன்று சொல்ல வேண்டும். நான் பேசிய விதத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. யாழினியிடம் அதையே சொன்னேன், புள்ளியை மட்டும் விட்டுவிட்டு. அவள் ஊசியைக் காட்டவில்லை. "ஆதவனா," என்றாள். "அவன் பள்ளிக்கூடத்துல எம்பட ஜியாமெட்ரி பாக்ஸத் திருடினவன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசிப் பாக்கறேங்கப்பா," என்றாள்.

பேசிப் பார்த்தாள். பேச்சு வளர்ந்தது. நிச்சயம் முடிந்த ஒரு வாரத்தில் சமையலறையில் தனியாக நின்று சிரிக்க ஆரம்பித்தாள். சென்னியப்பன் வீட்டுக் கறவை மாட்டுக்கு மடிநோய் என்று போய், மருந்து கொடுத்து, மயிலாத்தாளிடம் நெய் வாங்கிக்கொண்டு வந்தாள். மயிலாத்தாள் அவன் மனைவி. முப்பது வருஷமாக என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். இப்போது சம்பந்தி முறையில் என்ன கூப்பிடுவதென்று தெரியாமல் இருமினாள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு எல்லாரையும் விட. ரேஷன் பக்கத்தில் எங்கள் ஜோடிக்கு எதிரே கழிவு நான்கு. அணியின் மொத்தம் தொண்ணூறு. சீட்டுக்கட்டைக் கலைக்கும்போது என் விரல்கள் பாட்டுப் பாடின.

"இப்பவாச்சும் சொல்லலாம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு புடிச்சுப்போச்சு. கோவிச்சுக்காது," என்றான் சென்னியப்பன்.

"போட்டி முடியட்டும்."

இன்னொரு நாள் மறுபடியும் கேட்டான். மறுபடியும் அதே பதில்.

முதல் சுற்றில் இரண்டு ஆட்டம் வென்றிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாழினி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். போனை மேசை மேல் வைத்தாள். ரேஷனின் விலை விவரப் பக்கம். நியாயம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று எல்லார் விலையையும் காரணத்தோடு ஊரறியப் போட்டு வைத்திருப்பார்கள். ஊரில் ஒருவனும் படிக்க மாட்டான்.

"உறவு மாற்றம், சம்பந்தி," என்று வாசித்தாள். "முன்பு கூடுதல் பதினொன்று. இப்போது கழிவு நான்கு. இது நான்தானுங்களாப்பா?"

நான் வாயைத் திறந்தேன்.

"உங்களுக்கு வேண்டியிருந்தது அஞ்சு. என்னைய வெச்சுப் பதினஞ்சு எடுத்திருக்கறீங்க. மிச்சம் பத்த என்ன பண்ணுனீங்க?"

"கண்ணு, ஆதவன் நல்ல பையன்னு உனக்கே..."

"அவன் நல்லவன்தான். அதத்தான் என்னால தாங்க முடியல." அவள் குரல் உயரவில்லை. "அவன் என்ன சொன்னாலும் இனி எனக்கு இந்த நம்பர்தான் காதுல கேக்கும். ஒரு மாட்டப் புடிச்சுக் குடுத்தாக்கூட, எதுக்குக் குடுக்கறோம்னு ஆஸ்பத்திரி சீட்டுல எழுதணும்பா."

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொன்னா என்னங்க?"

அன்று சாயங்காலமே நிச்சயத்தை முறித்துவிட்டாள். பத்தே நாளில் மலையில் எங்கோ ஒரு கால்நடை மருந்தகத்துக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனாள். அவள் போன அன்று சென்னியப்பன் என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"இனி உனக்கும் எனக்கும் சீட்டோட சரி," என்றான். திரும்பிப் போனான்.

சம்பந்தம் முறிந்ததால் அட்டவணை எங்களுக்குப் பொருந்தாது, மறுபடி பட்டை சொல்வதுதான் விலை என்று ரேஷன் அறிவித்தது. பழைய பதினொன்று திரும்பி வரும், அணியை விட்டு நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். நீக்கட்டும் என்றுகூட நினைத்தேன். மறுநாள் காலை மிதுலன் போனில் மூச்சு வாங்கினான்.

"அங்கிள், கழிவு பத்தொம்போது. போட்டி ஆரம்பிச்ச நாள்லருந்து யாருக்கும் இவ்வளவு எறங்குனதில்லீங்க. உங்க நாடி ஏறுனா அவருக்கு எறங்குது."

அந்தப் பத்தொன்பதை வைத்து எங்கள் அணியின் சொத்தை ஆட்டக்காரனைக் கழற்றிவிட்டு மாநிலத்தின் இரண்டாவது பெரிய ஆட்டக்காரியை எடுத்தான். நாங்கள் ஆடினோம். ஒப்பந்தம் இருந்தது. ஒரே தெருவில் நான்கு வீடு தள்ளி, அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் நாற்காலியில், நான் என் நாற்காலியில். ஒலியை அணைத்து வைத்திருந்தான். மூக்கு உறிஞ்சும் சத்தம்கூட எனக்கு மறுக்கப்பட்டது. ஆனால் கை மறக்கவில்லை. இறுதி ஆட்டத்தின் கடைசிக் கையில் நான் இருபது கேட்டு, இஸ்பேடு ஜாக்கியைத் துருப்பாகக் கவிழ்த்து வைத்தேன். கேட்ட இருபதும் வர வேண்டுமானால் அவன் இஸ்பேடை இறக்கி என் துருப்பை வெளியே கொண்டுவர வேண்டும். சாதாரண மனிதன் எவனும் அந்த இடத்தில் இஸ்பேடைத் தொட மாட்டான். இரண்டு நொடி. இஸ்பேடு ஒன்பது வந்து விழுந்தது.

கோப்பை எங்களுக்கு. திரை முழுக்கப் பூவும் பொட்டுமாகக் கொட்டியது. ஜெயித்த கையோடு எப்போதும், என்னடா என்பதுபோல், ஒரு "என்றா" சொல்வான். சொல்லவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த விளக்கு உடனே அணைந்தது.

விருந்தில் மிதுலன் எனக்கு மாலை போட்டான். என் காதருகே வந்து, "உங்க வீட்டுல நடந்தது நமக்கு நல்லதாப் போச்சுங்க அங்கிள்," என்றான். அவன் வாயிலிருந்து பிரியாணி வாசம் அடித்தது. இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிரியாணி இறங்குவதில்லை.

அடுத்த பருவம் தொடங்கும் முன்பு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கே என்று கேட்டதற்கு, "ஆள் எடுக்கறதுக்குங்க, நீங்க வந்து நின்னாப் போதும்," என்றான். இறங்கிய இடம் வேறொரு ஊரில் குடும்ப நீதிமன்றமும் சிவில் நீதிமன்றமும் சேர்ந்திருந்த வளாகம்.

வாசலில் பதினேழு அணிகளின் ஆட்கள், குடை நட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார்கள். ஒரு துணிப் பதாகையில், 'பிரிந்தவர்களுக்கு முன்னுரிமை' என்று பூப்போட்ட எழுத்தில் இருந்தது.

"என்னடா இது?"

"உங்களப் பாத்துக் கத்துகிட்டதுதானுங்க. ரேஷன் அன்பத்தான் அளக்குது. பழக்கத்த அளக்கத் தெரியல. முப்பது வருஷம் ஒண்ணா இருந்துட்டு வெட்டிகிட்டவங்களுக்கு ஒருத்தருக்கொருத்தர் எல்லாந் தெரியும், ஆனா வெல ஒண்ணுமில்ல. அவங்களமாதிரிச் சல்லிசா ஆளே கெடைக்காது. இத மொதல்ல காட்டுனது நீங்கதான்." என் தோளில் கை போட்டான். "அங்க பாருங்க."

வேப்ப மரத்தடியில் இரண்டு பெண்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள். அக்கா தங்கை என்று முகமே சொன்னது. அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வழக்கு. சிறு வயதிலிருந்து ஜோடியாகச் சீட்டு ஆடியவர்களாம். பெரியவள் அழுதுகொண்டே தங்கையின் கையைப் பிடித்து, "வீடு போகட்டும் விடுடி," என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். மிதுலனின் ஆள் ஒருவன் குறுக்கே ஓடினான்.

"அக்கா, அவசரப்படாதீங்க. சமாதானம் எப்ப வேண்ணாலும் ஆயிக்கலாம். இன்னைக்குத்தானுங்க ரேஷன் எடை போடற நாள். அவங்க உங்க நகையப் பத்திச் சொன்னத இன்னொருக்கா நெனச்சுப் பாருங்க."

மிதுலன் என்னை முன்னால் தள்ளினான். "இவருதானுங்க போன வருஷத்து சாம்பியன். நண்பரோட பேச்சுவார்த்தையே கெடையாது. பாருங்க, எப்படி இருக்கறாருன்னு."

அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் சட்டையை, என் வாட்சை, நான் போட்டிருந்த கோப்பைப் பதக்கத்தை. தங்கையின் கையை மெல்ல விட்டாள்.

நான் அந்த வேப்ப மரத்துக்குப் பின்னால் போய், அன்றைக்குத் தின்றது மட்டுமல்லாமல் போன ஆடியில் தின்றதையும் சேர்த்து வாந்தி எடுத்தேன். மிதுலன் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றான்.

"வெயில் ஒத்துக்கலீங்களா? பரவால்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அடுத்த வருஷத்துக்கும் உங்க ரெண்டு பேரத்தான் நம்பியிருக்கறேன். அவரத் தெருவுல பாத்தாலும் பேசிப்போடாதீங்க. ஒரு சௌக்கியமான்னு கேட்டாலே ஒண்ணரப் புள்ளி ஏறீரும்."

ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. யாரும் படிக்காத அந்தப் பக்கம் யாழினி கண்ணில் எப்படிப் பட்டது. முறிந்தால் யாருக்கு லாபம். நீதிமன்ற வாசலில் நகையை ஞாபகப்படுத்த ஆள் வைக்கிறவன், ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கத்தை அனுப்ப மாட்டானா. எனக்கு உடம்பெல்லாம் ஒரு வெறி வந்தது. உள்ளுக்குள் ஒரு குதூகலமும்தான், மறைப்பானேன். குற்றவாளி கிடைத்துவிட்டான். இதைக் கொண்டுபோய் சென்னியப்பன் முன்னால் வைத்தால், இரண்டு பேரும் சேர்ந்து மிதுலனின் பரம்பரையையே திட்டலாம். பேக்கரியில் திட்டியதெல்லாம் அதற்குமுன் தூசு. திட்டி முடிக்கும்போது நாங்கள் பழையபடி ஆகியிருப்போம்.

காரை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே அவன் வீட்டுக்குப் போனேன். மயிலாத்தாள் கதவைத் திறந்தாள். அண்ணா என்றும் சொல்லவில்லை, வேறெதுவும் சொல்லவில்லை. "உள்ள இருக்கறாரு," என்றாள்.

சென்னியப்பன் மாட்டுக்கு வாங்கிய மருந்துச் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, எழுத்து புரியாமல் தூரத்தில் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"மிதுலன்தான்டா," என்றேன். "அந்த நாய்தான் யாழினிக்கு அந்தப் பக்கத்த அனுப்பியிருக்கறான். கோர்ட்டு வாசல்ல இன்னைக்கு என்ற கண்ணால பாத்தேன். இவனுக தொழிலே அதுதான்."

"அவன் அனுப்புல."

"உனக்கென்ன தெரியும்?"

"நாந்தான் சொன்னேன்."

வெளியே மாடு கழுத்து மணியை ஆட்டியது.

"புள்ள மாட்டுக்கு மருந்து குடுத்துட்டு, இங்கதான் உக்காந்து மோரு குடிச்சுது," என்றான், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி. "மாமான்னு கூப்புட்டுது. கல்யாணத்துக்கப்பறம் மாட்டுக்குக் கொட்டாய மாத்திக் கட்டோணும் மாமா, இங்க ஈரம் ஜாஸ்தின்னுது. அது பாட்டுக்கு இந்த ஊட்டுல இருக்கப்போறதா நெனச்சுப் பேசுது. நான் மூஞ்சியத் தூக்கிப் பாக்க முடியாம மாட்டையே பாத்துட்டு நின்னேன். எத்தன நாளைக்கு மாட்டப் பாத்துட்டே நிக்கறது? எம்பட ஊட்டுக்கு வர்ற புள்ள கழிவுக்கு வரக் கூடாது."

"என்றகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல, சொல்லப்போறேன்னு."

"மூணு தடவ கேட்டேன். நாலாவது தடவ கேட்டிருந்தா நீ ஏதாச்சும் பேசி என்னைய ஒத்துக்க வெச்சிருப்ப."

வைத்திருப்பேன். எனக்கு அது நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அவன் கையில் இருக்கும் எட்டுச் சீட்டையும் பார்க்காமலே சொன்னவன் நான். இதை மட்டும் எண்ணிப் பார்க்கவே இல்லை. அவன் கோபம் நிச்சயம் முறிந்ததற்கு என்று நினைத்துக்கொண்டே ஒரு பருவம் முழுக்க ஆடி, கோப்பையும் வாங்கி, பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்திருந்தேன். பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"நாந்தான்டா தப்பு," என்றேன். இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. இதில் ஒரு சொட்டு மிகையும் இல்லை.

அவன் மருந்துச் சீட்டை மடித்தான். விரித்தான்.

"புள்ள பேசுதா?"

"வாரத்துக்கு ஒருக்கா. மாத்திரை போட்டீங்களாப்பான்னு கேக்கும். போட்டேன்னு சொல்லுவேன். வெச்சுரும்."

"ஆதவன்கிட்டயும் அவ்வளவுதான். மாடு எப்படி இருக்குதுன்னு கேக்குதாம்."

மயிலாத்தாள் இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனாள். அப்போது என் போன் அடித்தது. மிதுலன் பெயர். நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருப்பது பட்டை வழியாக அதற்குள் தெரிந்துபோயிருக்க வேண்டும். அடித்து ஓய்ந்தது. சென்னியப்பனின் போன் அடித்தது. அதுவும் ஓய்ந்தது.

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் எழலாமா என்று நாற்காலியின் விளிம்புக்கு வந்தேன்.

சென்னியப்பன் என் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தான். "எத்தன காட்டுது?"

பார்த்தேன். "இன்னும் அதே கழிவு பத்தொம்போதுதான்."

அவன் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

"செரி," என்றான். "அப்ப இன்னுங் கொஞ்ச நேரம் உக்காரு."